மண்ணுக்கு ஸ்கோப் இல்லையாம்!

"மைக்ரோபயாலஜியா? அதுக்கு என்ன ஸ்கோப் இருக்கு?" ஆம்பூர், வேலூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உறவினர்கள் இலவசமாக வழங்கும் அறிவுரை இது. அதிலும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாவை ஆராயப் போகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு! எங்கள் பி.காம் வகுப்பிலேயே இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சரி மக்களே, நாம் படிக்கும் கணக்குப்பதிவியல்படியே பார்த்துவிடலாம்.

முதலில் வரவு. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை நம் எல்லோருக்கும் தெரியும். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சையை 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதில் முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். அது எங்கிருந்து வந்தது? பிரான்ஸ் கடற்கரையோரப் பைன் காட்டு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து! 1957-ல் இத்தாலியின் லெபெட்டிட் கம்பெனி ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து நம்ம தோல் தொழில். ஆட்டுக்குச் சொறி வந்தால் தோலில் தழும்பு விழும், தரம் பிரிக்கும்போது விலை இறங்கும். அந்தச் சொறிப்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்தும் மண் பாக்டீரியா கொடுத்ததுதான். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் அள்ளிய மண்ணிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தவர் சதோஷி ஒமுரா. அதிலிருந்து மருந்து கண்டவர் மெர்க் கம்பெனியின் வில்லியம் கேம்பெல். 2015 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு. நம் ஊர் தோல் ஷாப்பு கணக்குப் புத்தகம் எதிலாவது இவர்கள் பெயரில் ஒரு வரி உண்டா?

நம் நாட்டு உதாரணம் வேண்டுமா? எம்.ஜே. திருமலாச்சார். புனே பக்கத்தில் பிம்ப்ரியில் 1954-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர். அவர் குழு 1961-ல் ஹமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை அறிவித்தது. அதைக் கொடுத்த பாக்டீரியாவுக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்ப்ரினா. 1964-ல் ஆரியோஃபங்கின். தென்னையில் வரும் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு, 2 கிராம் ஆரியோஃபங்கினும் 1 கிராம் மயில்துத்தமும் 100 மில்லி தண்ணீரில் கலந்து வேரில் கட்டச் சொன்னது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நம்ம ஊர்த் தோப்புக்காரர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது பற்று. அந்த நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியது. உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைக்க 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. மருந்து கொடுத்த மண் கடைசியில் மனை!

தனியாராவது செய்வார்களா? ஆன்டிபயாடிக்கைப் பத்து நாள் சாப்பிட்டால் நோய் போய்விடும். சர்க்கரை மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். எதில் லாபம்? 2018-ல் நோவார்ட்டிஸ் ஆன்டிபயாடிக் ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது. வரவு ஊருக்கு, செலவு மட்டும் ஆராய்கிறவர் பேரில். இப்படி எழுதிவிட்டு "ஸ்கோப் இல்லை" என்றால், தப்பு படிப்பில் இல்லை, கணக்கில்!

"அள்ளிய மண்ணில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காதே?" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் இரண்டு மூன்று வருஷ புராஜெக்ட் சம்பளத்தில் இதைச் செய்ய முடியாது, நிரந்தர வேலை வேண்டும் என்கிறேன்.

யார் காசு கொடுப்பது? ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுப்போனது. கொடிய நச்சான குரோமியத்தை நச்சு குறைந்த வகையாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றை இந்த மாதிரி கெட்டுப்போன மண்ணில்தான் தேடுகிறார்கள். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று நம்ம பாலாற்று வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்லியிருக்கிறது. நஷ்டஈட்டோடு அது நிற்க வேண்டுமா? ஏற்றுமதியில் சம்பாதிக்கும் முதலாளிகளும் அரசும் சேர்ந்து, இந்த மண்ணை ஆராய இங்கேயே நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கட்டும். அது தர்மம் இல்லை, பாக்கி.

வட்டியோடு சேர்த்து எவ்வளவு என்று போட்டுக் கொடுக்க பி.காம் படிக்கும் நாங்கள் இருக்கிறோம் :) மறுப்பு இருந்தால் பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்கள்.