கணக்குப் பிழைத்த பம்பரம்

அவித்த முட்டை எது, பச்சை முட்டை எது என்று உடைத்துப் பாராமலே அறியும் உபாயம் நம் இல்லத்தரசிகள் பலரும் அறிந்ததொன்றே. மேசையின் மீது முட்டையைச் சுழற்றிவிட்டால் அவித்தது பம்பரம்போல் விரைந்து சுழலும், பச்சையானது தள்ளாடும். (சைவ போசனத்தார் அயல் வீட்டாரிடம் கேட்டறிவாராக!) உள்ளே இருப்பதன் தன்மையை வெளியே தோன்றும் சுழற்சி காட்டிக் கொடுத்துவிடுகின்றது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் இத்தகையதே. ஆனால், இங்கே சுழல்வது முட்டையன்று. அணுவின் கருவிலே உறையும் புரோத்தன் ஆகும்.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பிலே புரோத்தனின் அமைப்பை விளக்கிக்கொண்டிருந்தோம். "புரோத்தனுள்ளே குவார்க்குகள் எனப்படும் துணிக்கைகள் மூன்று உள்ளன. ஒவ்வொன்றின் சுழற்சியும் அரை. இரண்டு ஒரு திசையிலும் மற்றது எதிர்த்திசையிலும் சுழல்கின்றன. அரையும் அரையும் ஒன்று. அதில் அரை போக எஞ்சுவது அரை. புரோத்தனின் சுழற்சியும் அரையே" என்று கரும்பலகையில் எழுதி, கணக்கு ஒத்துவந்த களிப்போடு வெண்கட்டியைக் கீழே வைத்தோம். பின்வாங்கிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, குவார்க்குகளின் சுழற்சியை எவராவது அளந்து பார்த்தார்களா?" என்று கேட்டார்.

அளந்து பார்த்தார்கள், கணக்கு ஒத்துவரவில்லை என்பதே உண்மையான விடை. அதனை அறிந்திருந்தும், பாடம் எளிதாக அமையவேண்டும் என்னும் ஆசையினாற் கூறாது விட்டது நமது குற்றமே. மறுநாள் அம்மாணவருக்குக் கூறிய விடையை நேயர்களுக்கும் கூற விழைகின்றோம்.

முதற்கண் சுழற்சி என்பது யாதெனக் காண்போம். 1925ஆம் ஆண்டில் ஊலன்பெக், கௌட்சிமித் என்னும் ஒல்லாந்து நாட்டு இளைஞர் இருவர், இலத்திரன் தன்னைத்தானே சுற்றுவது போன்றதோர் இயல்பினை உடையது என்றனர். பம்பரம் வேகம் தளர்ந்து ஈற்றில் வீழ்ந்துவிடும். துணிக்கையின் சுழற்சியோ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதன் திணிவைப் போலவே அதனுடன் கூடப்பிறந்த பண்பு அது. சிறியதோர் உருண்டை உண்மையாகவே உருள்கின்றது என்று எண்ணிவிடலாகாது. ஆயினும், அச்சுழற்சிக்குத் திசை உண்டு. புரோத்தனும் இப்பண்பு உடையதே. அதன் பயனாக அது நுண்ணியதொரு காந்தமாகவும் விளங்குகின்றது.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என வழங்கும் படப்பிடிப்பு, நமது உடலின் நீரிலும் கொழுப்பிலும் அமைந்த ஐதரசன் அணுக்களின் கருக்களாகிய புரோத்தன்களைக் கொண்டே நடைபெறுகின்றது. வலிய காந்தப்புலத்தில் அவற்றை ஒழுங்குபடுத்தி, வானொலி அலைகளால் அசைத்து, அவை திருப்பி அனுப்பும் சைகைகளை வாங்கிப் படமாக்குகின்றனர். நோயாளியின் மூளைக்குள் இருப்பதை வைத்தியருக்குக் காட்டுகின்ற அச்சுழற்சி, புரோத்தனுக்கு எங்கிருந்து வந்தது என்பதே நமது வினா.

1933ஆம் ஆண்டில் ஓட்டோ ஸ்டேர்ண் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் புரோத்தனின் காந்த வலிமையை அளந்தனர். எதிர்பார்த்ததிலும் அஃது ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது. புரோத்தன் எளிய துணிக்கையன்று, அதனுள்ளே ஏதோ உண்டு என்பதற்கு அது முதற்குறிப்பாயிற்று. 1964இல் மரி கெல்மான், ஜோர்ஜ் ஸ்வைக் ஆகிய இருவரும் தனித்தனியே குவார்க்குக் கொள்கையை வெளியிட்டனர். 1968 தொடக்கம் கலிபோர்னியாவில் இரண்டு மைல் நீளமான ஆர்முடுக்கியில் விரைவூட்டிய இலத்திரன்களைப் புரோத்தன்கள்மீது ஏவியபோது, அவை உள்ளேயிருந்த மிகச் சிறிய பொருள்களிற் பட்டுத் தெறித்தமை புலனாயிற்று.

ஒரு குவார்க்கைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்வோம் என்றால் அது நடவாது. எத்துணை வலிந்து மோதினும் அது தனித்து வெளிவருவதில்லை. ஆதலால் அதன் சுழற்சியை வேறொரு வழியால் அறிதல் வேண்டும். சுழற்சித் திசை தெரிந்த துணிக்கை ஒன்றை, சுழற்சித் திசை தெரிந்த புரோத்தனோடு மோதவிடுகின்றனர். வருகின்ற துணிக்கையின் சுழற்சிக்கு எதிராகச் சுழலும் குவார்க்கே அம்மோதலை எளிதில் ஏற்கும். எனவே, துணிக்கையும் புரோத்தனும் ஒரே திசையிற் சுழலும்போது நிகழும் மோதல்களை எண்ண வேண்டும்; எதிரெதிராகச் சுழலும்போது நிகழ்வனவற்றையும் எண்ண வேண்டும். இரண்டின் வித்தியாசமே குவார்க்குகளின் சுழற்சியைச் சொல்லிவிடும்.

ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் இவ்வாறு செய்தனர். ஏவப்பட்டவை மியூவன்கள், வேறொரு துணிக்கை சிதையும்போது பிறக்கும் இவை, பிறக்கும்போதே ஒரு திசைப்பட்ட சுழற்சியோடு பிறப்பன. இலக்காக அமைந்தது, தாங்கொணாக் குளிரில் உறைந்த அமோனியா. அதன் ஐதரசன் புரோத்தன்களைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்தியிருந்தனர். இலக்கினை இரு பகுதிகளாக்கி, ஒன்றில் ஒரு திசையும் மற்றதில் எதிர்த்திசையும் அமையச் செய்து, ஒரே மியூவன் கற்றையை இரண்டினூடும் செலுத்தினர். ஒரே தராசின் இரு தட்டுக்களைப்போல நடுநிலை தவறாதிருக்கவே இந்த ஏற்பாடு.

1987இல் முடிவு வெளிவந்தது. புரோத்தனின் சுழற்சியில் நூற்றுக்கு 15 பங்கிலும் குறைந்ததே குவார்க்குகளுக்கு உரியதாகக் காணப்பட்டது. அளவையின் வழுவைக் கருதினால், பூச்சியம் என்று கொள்ளவும் இடமிருந்தது. கரும்பலகையில் நாம் எழுதிய அழகிய கூட்டல் சரிந்தது. விஞ்ஞானிகள் இதனைச் 'சுழற்சி நெருக்கடி' என்றே அழைக்கலாயினர்.

சிலர் அளவையை ஐயுற்றனர், ஐயுறுதல் முறையே. ஆதலின் கலிபோர்னியாவிலும், ஹம்பேர்க்கிலும், மீண்டும் ஜெனீவாவிலும் திருப்பித் திருப்பி அளந்தனர். பல ஆண்டு உழைப்பின் பின் தெளிந்த அளவு நூற்றுக்கு 30 அளவில் வந்து நின்றது. முதலளவையிலும் அது சற்று மிகுதியே. எனினும், எஞ்சிய 70 பங்கு எங்கே?

குவார்க்குகளைப் பிணைத்து நிற்கும் குளுவன்கள்மீது ஐயம் விழுந்தது. அவற்றைச் சோதிக்கப் புரோத்தனையே புரோத்தனோடு மோதவிடல் நன்று. நியூயோர்க் மாநிலத்தின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 'ரிக்' என்னும் மோதுகைக் கருவி இதற்கு உதவிற்று. அதன் வளையத்தின் சுற்றளவு 3.8 கிலோமீற்றர், புரோத்தன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 78,000 முறை அதனைச் சுற்றின. இவ்வோட்டத்தில் சுழற்சித் திசை சிறிது சிறிதாகக் குலைந்து போவது பெருந்தொல்லை. அதனைத் தடுப்பதற்கு 'சைபீரியப் பாம்பு' என்னும் காந்தத் தொகுதிகளை அமைத்தனர். ரஷ்ய விஞ்ஞானிகள் 1970களில் எண்ணிய உபாயம் அது. புரோத்தன் கடந்து செல்லும்போதெல்லாம் அதன் சுழற்சியை இப்பாம்பு தலைகீழாகத் திருப்பிவிடும். ஒரு சுற்றில் நேர்ந்த பிசகை மறுசுற்று நேர்செய்துவிடும். 2009ஆம் ஆண்டு மோதுகைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவுகளால், குளுவன்களும் சுழற்சியில் ஒரு பங்கினைத் தருகின்றன என்பது புலப்பட்டது.

எஞ்சியது, குவார்க்குகளும் குளுவன்களும் புரோத்தனுக்குள்ளே ஓடிச் சுற்றுகின்ற இயக்கத்தினின்று வருதல் வேண்டும். பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனையும் சுற்றுவதுபோலும் இது. ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்னும் கணக்கு முற்றுப்பெறவில்லை. அதனை முடிக்கும் நோக்கோடு, புறூக்ஹேவனிலேயே இலத்திரன்களைப் புரோத்தன்களோடு மோதவிடும் புதிய கருவியை அமைப்பதென 2020ஆம் ஆண்டு சனவரியில் முடிவு செய்தனர்.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் கூறி முடித்தபோது, அம்மாணவர் மீண்டும் எழுந்து, "அப்படியாயின் பரீட்சையில் எதனை எழுதுவது?" என்று கேட்டார். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். வினாத்தாள் கேட்பதை எழுதுக என்றே சொன்னோம். ஆனால், ஒத்துவரும் கணக்கெல்லாம் உண்மையான கணக்காகிவிடாது என்பதையும் மனத்திற் குறித்துக்கொள்ளச் சொன்னோம். மூன்று அரைகளைக் கூட்டிக் கழித்து அரை என்று விடை கண்ட அறிஞர்கள் அத்தோடு நின்றிருப்பின், புரோத்தனுக்குள்ளே நிகழும் இத்துணை ஆரவாரமும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். 'அளந்து பார்த்தார்களா?' என்று கேட்ட மாணவர் அவர்களுடைய பரம்பரையைச் சேர்ந்தவர். அவ்வினாவைக் கேட்கும் பிள்ளையை, வீட்டிலாயினும் வகுப்பிலாயினும், 'இருந்துகொள்' என்று அடக்காதிருப்போமாக.