‘உடம்பைக் குறையுங்கோ’ – அதுக்குப் பிறகு?

கீரிமலைக்கு இரண்டு கதைகள் இருக்கு. ரெண்டுமே உடம்பைப் பற்றினதுதான். கீரி முகத்தோட வந்த நகுல முனிவர் இந்த ஊற்றில குளிச்சு மனுச முகம் பெற்றார். குதிரை முகத்தோட வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அப்படியே. நம்புறதும் விடுறதும் உங்கட பாடு. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. “முதல்ல முகத்தைச் சரியாக்கிக்கொண்டு வா, பிறகு குளிக்கலாம்” என்று அந்த இரண்டு பேரிடமும் ஒருத்தரும் சொல்லவில்லை.

இண்டைக்கு நிலைமை வேற. முழங்கால் நோ, மாதவிடாய் ஒழுங்கில்லை, மூச்சு வாங்குது, எந்த வருத்தத்தோட போனாலும் பருத்த உடம்புள்ள ஒரு பெண்ணுக்கு முதலில் கிடைப்பது ஒரே பதில்தான்: “உடம்பைக் குறையுங்கோ.” எவ்வளவு, எப்படி, எத்தனை மாதத்தில, ஆரிட்டப் போய்? அது துண்டில இல்லை. மூட்டைப் பார்க்க முன்னமே பேச்சு முடிஞ்சிடும். அடுத்த முறை அவள் போகமாட்டாள். வாங்கின பேச்சுக் காணும் எண்டு வீட்டில கிடப்பாள். சலரோகமோ பிரஷரோ கண்டுபிடிபடும்போது காலம் கடந்திருக்கும்.

உடல் பருமனால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. “எந்த உடம்பும் அழகுதான்” என்று இன்ஸ்டாவில் போடுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இரத்தத்தில் ஏறுகிற சீனி அதை வாசிப்பதில்லை. என்னுடைய சண்டை பழி எங்கே போடப்படுகிறது என்பதோடுதான். தின்னிப் பண்டாரம், சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள் என்று ஒரு தனி ஆளின் தலையில், அதுவும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், இதைக் கட்டிவிட்டு மற்ற எல்லாரும் கையைக் கழுவுகிறார்கள்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். கிளினிக்கில் எடையையும் உயரத்தையும் வைத்து ஒரு எண் சொல்கிறார்களே, பி.எம்.ஐ., அதன் சூத்திரம் 1830களில் கெத்தலே என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் போட்டது. அவர் வைத்தியரே இல்லை. ‘சராசரி மனிதன்’ எப்படியிருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர். 1972இல் அமெரிக்கரான அன்செல் கீஸ் அதைத் தூசு தட்டி இன்றைய பெயரை வைத்தார். அவரும் அவருடைய ஆட்களும் பரிசோதித்தது ஐந்து நாடுகளின் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை. ஒரு பெண்ணும் அதில் இல்லை. தெற்காசியாவும் இல்லை. அந்த எண்தான் இன்று மாவிட்டபுரத்தில இருக்கிற ஒரு அம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்லுது.

எங்கட உடம்பு வேற கணக்கு. 2004இல் லான்செட் சஞ்சிகையில் ஒரு படம் வந்தது. பூனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். எலும்பும் தோலுமாத் தெரியிற எங்கட ஆக்களுக்கும் வயிற்றுக்குள்ள கொழுப்பு இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல படம் இல்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 25, 30 என்று காத்திராமல் 23, 27.5 ஆகிய இடங்களிலேயே கவனிக்கத் தொடங்கலாம் என்றது. இடுப்புச் சுற்றளவுக்கும் தெற்காசியருக்குத் தனி எல்லை இருக்கு: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80.

பிரித்தானியா இதை எடுத்துக்கொண்டது. லண்டனில இருக்கிற மாமிக்கு வெள்ளைக்காரப் பக்கத்து வீட்டுக்காரிக்குரிய எல்லை இல்லை, அதைவிடக் குறைந்த எல்லை. உடம்பு குறைக்கிற ஊசிக்குத் தகுதி பார்க்கும்போதும் அப்படித்தான். இங்க 2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு 25 என்ற கோட்டை வைத்தே எண்ணியது. அந்தக் கோட்டிலேயே ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், பெண்களில் மூன்றில் ஒருவர் மேலே நின்றார்கள். கோட்டை 23க்கு இறக்கினால் எத்தனை பேர் கூடுவார்கள் என்று நீங்களே யோசியுங்கோ.

சரி, ஏன் பெண்கள் கூட? இங்கதான் ஊருக்கு வரவேணும்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. கீரிமலையும் அதில் அடக்கம். தோட்டமும் கடலும் பறிபோச்சு. மரக்கறி விளைவித்தவர்கள், மீன் பிடித்தவர்கள், முகாமில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். பட்டினி கிடக்காமல் காப்பாற்றியது அந்தச் சாப்பாடுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தலைமுறையின் நாக்கும் அடுப்பும் மாவிலும் சீனியிலும் பழகின. ஒடியலும் குரக்கனும் இப்ப ‘பாரம்பரிய உணவுத் திருவிழா’வில விற்கிற சாமான். கடையில மலிவாக் கிடைக்கிறது பாண், ரோல்ஸ், மிதிவெடி. (தின்பண்டத்துக்கு மிதிவெடி எண்டு பேர் வைச்ச சனம் உலகத்தில வேற எங்கயும் இருக்கோ தெரியாது.)

இன்னொன்றும் இருக்கு. 1944–45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள், வளர்ந்த பிறகு சீனியைக் கையாள முடியாத உடம்போடு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். யாஜ்னிக் பூனேயில் கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான்: எடை குறைந்து பிறந்த பிள்ளைகளிலும் கொழுப்பு மட்டும் குறையாமல் இருந்தது. இப்ப கணக்குப் போடுங்கோ. பொருளாதாரத் தடைக்குள்ளும் முகாமுக்குள்ளும் 90களில் பிறந்தவர்களுக்கு இன்று என்ன வயது? அவர்கள்தான் இதை வாசிக்கிற நீங்கள். அரசாங்கத்தின் இலவசப் பரிசோதனைக்கான ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரர்’கள் பிரதானமாக 35ஐக் கடந்தவர்களுக்கு என்று அமைக்கப்பட்டவை. இருபதுகளில் இருக்கிற பெட்டைக்குக் கிடைப்பது மாமியின் கண்ணும் கலியாணத் தரகரின் வாயும்தான்.

“நடவுங்கோ” என்பது அடுத்த புத்திமதி. எங்க? 35 வருடத்துக்குப் பிறகு 2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதி திறக்கப்பட்டபோது இராணுவம் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, அந்த வீதியால் நடந்து போகக்கூடாது. காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை வாகனத்தில் போகலாம், கால் வைக்கேலாது என்பதுதான் அப்போதைய விதி. சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. மற்ற ஒழுங்கைகளில் தடை போடப் படையினர் தேவையில்லை. விடிய அஞ்சு மணிக்கு ஒரு பொம்பிளை தனிய விறுவிறெண்டு நடந்தால் நாய் பாதி, நாக்குகள் பாதி.

இனிக் கேணிக்கு வாறன். முழங்கால் நோவோடு பாரமான உடம்பை வைத்திருக்கிறவருக்குத் தண்ணீரைவிட நல்ல உடற்பயிற்சி இடம் இல்லை. தண்ணி எடையைத் தாங்கும், மூட்டு தாங்கத் தேவையில்லை. கீரிமலையில் அது இலவசம். ஆனால் கடலைப் பார்த்தபடி திறந்து கிடக்கிற பெரிய கேணி ஆண்களுக்கு. பெண்களுக்கு அளவில் சின்னதாக, சுவர் அடைத்த ஒன்று. உடலுழைப்புப் போதாதவர்களில் பெண்களின் பங்கு ஆண்களை விட மிக அதிகம் என்று அதே 2015 கணக்கெடுப்பு சொன்னது. வேறெப்படி இருக்கும்?

ஆண்கள் தப்பிவிட்டார்கள் என்றில்லை. கிளினிக் நடப்பது வேலைநாளில், காலையில். கூலிக்குப் போறவர் பேசாமல் வேலைக்குப் போய்விடுவார். பரிசோதனை நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறதில்லை. காசுள்ளவர் பின்னேரம் தனியார் கிளினிக்கில் இலக்கம் எடுத்துக் காட்டுவார், மரியாதையான பேச்சும் கிடைக்கும்.

நான் கேட்பது பெரிய காசுச் செலவுள்ள காரியங்கள் இல்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் இடுப்பை அளக்க ஒரு தையல் நாடா. எங்கட உடம்புக்குரிய எல்லையைக் காட்டுகிற தமிழ் அட்டவணை ஒன்று. கிழமையில் ஒரு நாளாவது மாலைக் கிளினிக். 35 என்ற வயதுக் கோட்டை இந்த மாவட்டத்திலாவது 20க்கு இறக்குவது. வந்த நோவை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எடையைப் பற்றிப் பேசுவது.

கடைசியாக ஒன்று. கிழமையில் இரண்டு காலைப் பொழுது, பெரிய கேணியைப் பெண்களுக்கு மட்டும் விடுங்கோ. கோயிலடியில இதென்ன புதுக்கதை எண்டு கேட்பீனம், தெரியும். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்க வருகிற ஆண்கள் மற்ற நாட்களில் வரட்டும், நாள் பார்த்து ஒதுக்கலாம். குளிக்கிறதைப் பார்ப்பாங்கள் எண்டு சொல்லுவீனம். அப்ப பார்க்கிறவங்களுக்கு வேலியைப் போடுங்கோ. உள்ள நிற்கிறவைக்கு வேண்டாம்.