நாற்பது வயதில் குட்டிக்கரணம் அடிக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் எனது புறநோயாளிகள் பிரிவுக்கு 43 வயது அண்ணன் ஒருவர் நொண்டியபடி வந்தார்.

மகன் படிக்கும் பள்ளியில் விளையாட்டு விழா. பெற்றோருக்கும் ஓட்டப்பந்தயம் வைத்திருக்கிறார்கள். அண்ணன் பள்ளிக்காலத்தில் நன்றாக ஓடியவர். விசில் ஊதியதும் பழைய நினைப்பில் பாய்ந்திருக்கிறார்.

"நாலு எட்டு கூட வைக்கல சார். பின்னாடி இருந்து யாரோ குதிகால்ல எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல" என்றார்.

குப்புறப் படுக்க வைத்து கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினேன். பாதம் அசையவே இல்லை. குதிகால் தசைநாண் அறுந்து போயிருந்தது. எலும்பு சிகிச்சை நிபுணரிடம் அனுப்பி வைத்தேன்.

அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், நானும் அதே கூத்தை அடித்தவன்தான்.

பள்ளியில் சுதந்திர தினத்துக்கு மாணவர்கள் பிரமிட் கட்டுவார்கள் அல்லவா? அதில் உச்சியில் நிற்கும் ஒல்லிப் பையன் நான். குட்டிக்கரணம், கைச்சக்கரம், தலைகீழாக நடப்பது எல்லாம் தண்ணி பட்ட பாடு.

பிறகு மருத்துவப் படிப்பு, இரவுப் பணி, நேரம் கெட்ட நேரத்தில் பரோட்டா. 36 வயதில் எடை 84 கிலோ. ரத்த அழுத்தம் 146/94. ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி பற்றிப் பேசுபவனின் லட்சணம் இது.

ஒருநாள் மகள் கைச்சக்கரம் பழகிக்கொண்டிருந்தாள். "அப்பா செஞ்சு காட்றேன் பாரு" என்று மொட்டை மாடியில் இறங்கினேன். மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

வீட்டில் கேட்டார்கள், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

யோசித்துப் பார்த்தேன். தேவைதான் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முப்பது வயதுக்கு மேல் நாம் தசைகளைச் சும்மா வைத்திருந்தால், பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவிகிதம் வரை தசையை இழக்கிறோம். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் நிற்கும். கை கால் ஒல்லியாக, தொப்பை மட்டும் முன்னால் நிற்கும் நம்மூர் உடல்வாகுக்கு நீரிழிவு சீக்கிரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"நான் தினமும் வாக்கிங் போறேன் டாக்டர்" என்பீர்கள். மிக நல்லது, நிறுத்தாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் செய்யச் சொல்கிறது.

ஜிம்னாஸ்டிக்ஸின் அடிப்படைப் பயிற்சிகளில் வலு, வளைவு, சமநிலை மூன்றும் ஒருசேரக் கிடைக்கிறது. கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். நம் உடல் எடையே போதும்.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கையை ஊன்றாமல், முட்டியைப் பிடிக்காமல் எழுந்திருங்கள். (மூட்டுத் தேய்மானம், தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்க்கவும்.)

முடியவில்லையா? பிரேசில் நாட்டு மருத்துவர்கள் இதையே மதிப்பெண் போட்டு ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைந்தவர்களிடம் அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. நம் தாத்தா பாட்டிகள் பந்தியில் தினமும் மூன்று வேளை இந்தப் பரிட்சையில் தேறியவர்கள். டைனிங் டேபிள் வந்ததும் நாம் தரையை மறந்தோம்.

சரி, வயதானால் ஜிம்னாஸ்டிக்ஸ் சாத்தியமா?

உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 1975-ல் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குழுப் பிரிவில் தங்கம். 2002-ல் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போனார், அந்தச் செலவுக்காகவும் போட்டியிட்டார். 2008 பெய்ஜிங்கில் 33 வயதில் ஜெர்மனிக்காக வெள்ளி. நம் தீபா கர்மாகர் நான்காம் இடம் பிடித்தாரே, அந்த 2016 ரியோ வால்ட் இறுதிச்சுற்றில் 41 வயதில் இவரும் இருந்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக், அவருக்கு எட்டாவது. வயது 46.

ஆனால் அவர் பயிற்சியை நீண்டகாலம் விடாதவர். விட்டுப்போன நமக்குப் பொருத்தமான ஆள் ஜெர்மனியின் யோஹன்னா குவாஸ். ஐம்பதைத் தாண்டிய பிறகு மீண்டும் போட்டிகளுக்குத் திரும்பியவர். 2012-ல் 86 வயதில் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்.

அப்படியென்றால் அந்த அண்ணனுக்கு ஏன் அறுந்தது?

பழகிய தசை சீக்கிரம் பழைய வலுவுக்குத் திரும்பிவிடும். ஆனால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகத்தான் பலப்படும். மூளைக்கோ 16 வயது ஞாபகம் அப்படியே இருக்கிறது. மூளை போடும் உத்தரவைத் தசை கேட்கிறது, தசைநாண் தாங்கவில்லை.

எனவே திரும்பும்போது, ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவராகத் திரும்புங்கள்.

நான் செய்தது இதுதான்:

1. முதல் மூன்று மாதம் தரையில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், பலகை நிலை, ஒற்றைக்காலில் நிற்றல், படியில் குதிகால் உயர்த்துதல். குதிப்பது கிடையாது.

2. வாரம் மூன்று நாள், 25 நிமிடம். இடையில் ஒருநாள் ஓய்வு.

3. மணிக்கட்டுக்கும் தோளுக்கும் தினமும் ஐந்து நிமிடம்.

4. தினமும் முட்டை, பயறு, சுண்டல், மீன் என்று புரதம். புரதம் இல்லாமல் தசை வளராது.

5. புதிதாக எதைச் செய்தாலும் மெத்தை விரித்து, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது?

கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், நீரிழிவால் விழித்திரை பாதிப்பு, கண் நீர் அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள். இவர்கள் தலைகீழாக நிற்கும் எந்தப் பயிற்சியையும் தாமாகச் செய்யக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவு பார்ப்பது அவசியம்.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் மருத்துவமனையின் செவிலியர் அக்கா ஒருவர். வயது 45. பள்ளியில் பெயர் சொல்லும் வீராங்கனை. வயதுக்கு வந்ததும் மைதானம் போனது, திருமணத்தோடு மிச்சமும் போனது.

"எனக்கும் ஆசைதான் சார். இந்த வயசுல பொம்பள குதிச்சா ஊர் சிரிக்காதா?" என்றார்.

அக்கா, ஊர் இரண்டு நாள் சிரிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். எழுபதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் அந்த ஊர் வந்து தூக்கி விடாது. இன்று போடும் வலுதான் அன்று தாங்கும்.

அக்கா இப்போது இரவுப் பணி முடிந்ததும் ஓய்வறையில் ஒற்றைக்காலில் நிற்கிறார். கூடவே இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

என் கணக்கு? இரண்டு வருடத்தில் 84 கிலோ 75 ஆகியிருக்கிறது. ரத்த அழுத்தம் 128/82. சுவரில் சாய்ந்து இருபது நொடி தலைகீழாக நிற்கிறேன். கைச்சக்கரம் இன்னும் சரியாக வரவில்லை. மகள்தான் பயிற்சியாளர், மார்க் போடுவதில் ரொம்பக் கறார்.

இன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எத்தனை முறை கை ஊன்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம்.



அரசு மருத்துவர்