சூனியக் கதையா, துப்பறியும் கதையா?



போன வாரம் நான் புத்தகமும் கையுமாக இருக்கும் படத்தைப் பேத்தி இங்கே போட்டிருந்தாள். "சார், நீங்களுமா சூனியக் கதை படிக்கிறீங்க?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது டோனி ஹில்லர்மன் 1986இல் எழுதிய 'ஸ்கின்வாக்கர்ஸ்'. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் நிலத்தில் நடக்கும் கொலைக் கதை. மிருக உருவெடுத்துத் திரியும் சூனியக்காரர்களைத்தான் தலைப்பு குறிக்கிறது. துப்பறிகிற இருவருமே நவஹோ போலீஸ்காரர்கள். மூத்தவர் லீப்ஹார்ன், சூனியத்தை நம்பாதவர். இளையவர் ஜிம் சீ (தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, சிரிக்காதீர்கள்) நோய் தீர்க்கும் சடங்குப் பாடல்களையும் கற்று வருகிறவர். ஓர் இரவு அவருடைய டிரெய்லர் வீட்டின் சுவரைத் துளைத்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டுகள் பாய்கின்றன. சிதறிய குண்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன எலும்பு மணி.

அந்த மணியில்தான் கதையே இருக்கிறது. சூனியக்காரன் பிணத்தின் எலும்புத் துணுக்கை ஏவி நோய் உண்டாக்குவான், ஏவியவன் செத்தால் நோயாளி பிழைப்பான் என்பது அங்குள்ள நம்பிக்கை. அப்படியானால் சுட்டவர் தன்னைக் கொலைகாரராக நினைத்திருக்க மாட்டார். உயிர் பிழைக்கப் போராடுவதாகத்தான் நினைத்திருப்பார். மீதியைச் சொல்ல மாட்டேன்.

லீப்ஹார்ன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படியொரு சூனியப் பேச்சை அலட்சியப்படுத்தி, அதனால் உயிர்கள் போனதைப் பார்த்தவர். அதனால் யாராவது சூனியம் என்று வாயெடுத்தால் இப்போது சிரிப்பதில்லை. யார் மேல் சந்தேகம் என்று விசாரிக்கிறார்.

ஹில்லர்மன் நவஹோ அல்ல, ஓக்லஹோமாவில் பிறந்த வெள்ளையர். நவஹோ அரசே 1987இல் அவரைத் தங்கள் நண்பர் என்று கௌரவித்தது. ஆனாலும் இந்தச் சூனியக்காரர்களைப் பற்றி வெளியாரிடம் பேசவே தயங்குகிற மக்கள் அவர்கள். அதையே தலைப்பாக்கி விற்றது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் லீப்ஹார்னை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பல நாள் வரவில்லை. கேட்டதற்கு, "வீட்டுக்கு யாரோ செய்வினை வச்சுட்டாங்க சார்" என்றான். நான் சிரித்தேன், வகுப்பே சிரித்தது. மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. வீட்டில் யாருக்கு என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் வரவே இல்லை.

இப்போது அவனுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.