லேப்டாப் விலை ஏறுது: காரைக்கால் மாணவர்கள் பட்ஜெட்டில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டம் தொடங்கிவிடும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். ஆனால் காலேஜ் மாணவர்களுக்கு அந்த எல்லையின் விலை இப்போது ஒரு லேப்டாப்!

2025 மார்ச் 14-ம் தேதி தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிக்கப்பட்டது. முதல் கட்டத்துக்கு ஒதுக்கீடு 2,000 கோடி ரூபாய். 2026 ஜனவரியில் விநியோகமும் தொடங்கிவிட்டது. காரைக்காலில் இருக்கும் அறிஞர் அண்ணா கலைக் கல்லூரி, அவ்வையார் மகளிர் கல்லூரி, நெடுங்காடு இன்ஜினீயரிங் கல்லூரி, திருவேட்டக்குடி என்ஐடி எதுவும் தமிழக அரசின் கீழ் வராது. அதனால் இங்கே படிப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வாங்கணும்.

அதுவும் விலை ஏறுகிற நேரத்தில்.

ஏன் ஏறுது?

காரணம் ரேம். உலகில் தயாராகும் ரேம் சிப்களில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால், மூன்றுமே உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. 2025 கடைசியில் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் ஒருபடி மேலே போய், கடைகளில் விற்கும் 'குருஷியல்' ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

"இப்போ 8 ஜிபி வாங்கிக்கலாம், அப்புறம் சீப்பா இன்னொரு 8 போட்டுக்கலாம்" என்பது சீனியர்கள் வழக்கமாகச் சொல்லும் ஐடியா. அதில் 'சீப்பா' என்ற வார்த்தையை இப்போது நம்ப முடியாது.

காரைக்காலில் வாங்கினால் வரி குறையுமா?

வீட்டில் பெரியவர்கள் இதைக் கேட்பார்கள். 2017 ஜூலைக்கு முன் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்பனை வரி வேறு வேறு. ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு நாடு முழுக்க 18 சதவீதம்தான். 40,000 ரூபாய் பில்லில் சுமார் 6,100 ரூபாய் வரி. பெட்ரோலிலும் மதுவிலும் இருக்கும் விலை வித்தியாசம் லேப்டாப்பில் கிடையாது.

சரி, எதை வாங்குவது?

முதலில் உங்கள் படிப்பைப் பாருங்கள். பி.காம், பி.ஏ., வேளாண்மை என்றால் அசைன்மென்ட், எக்செல், பிரசன்டேஷன், ஆன்லைன் வகுப்பு. இதற்கு 8 ஜிபி ரேம், 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். கோடிங், ஆண்ட்ராய்டு ஆப், கேட் டிசைன் பண்றவங்களுக்கு 16 ஜிபி இருந்தால்தான் நான்கு வருஷம் நிம்மதி. மெஷின் லேர்னிங் படிக்கவே கேமிங் லேப்டாப் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஆரம்பப் பயிற்சிகளுக்கு கூகுள் கோலாப் இலவசமாகவே கிடைக்கிறது.

எதைக் குறைக்கலாம்? மெட்டல் பாடி, டச் ஸ்கிரீன், லேட்டஸ்ட் மாடல் என்ற பெருமை, எல்லாவற்றையும் விடலாம். எஸ்எஸ்டி அளவைக்கூடக் குறைக்கலாம், பெரும்பாலான லேப்டாப்களில் பிறகு மாற்ற முடியும்.

ரேமில் மட்டும் கை வைக்காதீர்கள். பல மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதில் 8 ஜிபி என்றால் கடைசி வரைக்கும் 8 ஜிபிதான். காலி ஸ்லாட் இருந்தால், ரேம் விலை இறங்கும்போதாவது ஒரு வழி இருக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

"தம்பி, இது ரைசன் 5, 7000 சீரிஸ்" என்று கடையில் சொன்னால் முழு நம்பரையும் கேளுங்கள். 7520யு, 7530யு இரண்டுமே ரைசன் 5 தான். ஆனால் ஏஎம்டியின் இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு பழைய ஜென் 2, நான்கு கோர். 7530யு ஜென் 3, ஆறு கோர். ஸ்டிக்கர் ஒன்று, வேகம் வேறு.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு நிபந்தனையுடன். விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்தைய புராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் அந்தப் பழசைப் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ரேம் சால்டரா, ஸ்லாட்டா? காலி ஸ்லாட் இருக்கா?

2. புராசசரின் முழு மாடல் நம்பர் என்ன?

3. ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா? மிக மலிவு மாடல்களில் இஎம்எம்சி வரும். அது மெதுவானது, பெரும்பாலும் மாற்றவும் முடியாது.

4. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் ஆன்சைட் வாரண்டி 609602-க்கு உண்டா? பின்கோடைச் சொல்லியே கேளுங்கள். "புதுச்சேரிக்கு உண்டு" என்பது பதில் ஆகாது. புதுச்சேரி நகரம் இங்கிருந்து சுமார் 130 கி.மீ.! கீபோர்டு போனால் ஒருநாள் லீவு போட்டுப் பஸ் ஏற வேண்டியிருக்கும். 1,000 ரூபாய் தள்ளுபடியைவிட இந்தப் பதில் முக்கியம்.

மொத்தமாகப் பணம் புரட்ட முடியலையா? கல்விக் கடனுக்கு விண்ணப்பிப்பவர்கள், படிப்புக்குக் கம்ப்யூட்டர் தேவை என்றால் அந்தச் செலவையும் சேர்க்கச் சொல்லி வங்கியில் கேட்கலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரி கல்விக் கடன் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. கடன் விண்ணப்பம் போடும்போதே கேட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் இஎம்ஐ பேசுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது.