முகத்துவாரம் வெட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

மாரி தொடங்கி இரண்டு நாள் அடைமழை பெய்துவிட்டால் நமதூர்களில் எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்விதான்: "முகத்துவாரம் வெட்டியாச்சா?" பள்ளிவாசலிலும் கேட்கிறோம், தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், முகநூலிலும் கேட்கிறோம். பெக்கோ வந்து மணல் திட்டை வெட்டிவிட்டால் தோணா நீர் கடலுக்குப் பாயும், முற்றத்து வெள்ளம் வடியும். அத்தோடு அடுத்த மாரி வரைக்கும் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும்.

அந்தக் கேள்வியில் பிழையில்லை. ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மேற்கே வயல்வெளியிலிருந்து வரும் நீர் தோணா வரைக்கும் வந்து சேர வழி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வழியே இல்லாவிட்டால் முகத்துவாரத்தை எத்தனை தடவை வெட்டியும் பயனில்லை.

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நாம் வாழும் நிலம் ஒடுங்கிய மணல் நிலம். கிழக்கே கடல். மேற்கே கரைவாகு வட்டை போன்ற தாழ்ந்த வயல்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நமது கூரைக்கு மேல் பெய்யும் மழை மட்டும் இங்கே நிற்பதில்லை. மேற்கே உள்ள வயல்கள், குளங்கள், வாய்க்கால்களின் மிகுதி நீரும் இந்தப் பள்ளத்தைக் கடந்துதான் கடலைத் தேடுகிறது. வயல் அந்த நீரைச் சில நாட்கள் தாங்கி வைத்திருந்து மெல்ல மெல்ல விடுகிறது. நெல் விளைவது வயலின் ஒரு வேலை; வெள்ளத்தைத் தாங்குவது அதன் இரண்டாவது வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதனால்தான் அது நமது கண்ணில் படுவதில்லை.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்கு வெள்ளம் நின்றால் அது ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். அந்த ஏக்கரை டிப்பர் டிப்பராகக் கிறவல் போட்டு நிரப்பினால் அந்த 12 இலட்சம் லீற்றரும் மறைந்துபோவதில்லை. பக்கத்து வளவுக்குப் போகிறது. பக்கத்து வளவுக்காரர் அடுத்த வருடம் இரண்டு அடி உயர்த்துகிறார். நீர் அதற்கும் அடுத்த வளவுக்குப் போகிறது. கடைசியில், உயர்த்துவதற்குக் காசில்லாதவரின் குசினிக்குள் போய் நிற்கிறது.

2024 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதம் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்த வேளையில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் நீரில் புரண்டது. வீட்டுக்கு வரவேண்டிய பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் தேடி எடுத்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்ளட்டும். அதே வாரத்தில் நாடு முழுவதும் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. அந்த இழப்புக்கு ஒரே ஒரு காரணத்தைக் காட்டிவிட முடியாது. ஆனால் அந்த வீதி தாழ்ந்த வயல்வெளியைக் குறுக்கறுத்துப் போகிறது என்பதும், நீர் கடக்கும் இடத்தில்தான் நமது பிள்ளைகளும் கடக்க வேண்டியிருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஊரின் திட்டத்தில் நீரை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

"அப்படியானால் எங்கே வீடு கட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமது ஊர்களில் காணி இல்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமும் சுருங்கிவிட்டது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்க வேண்டும் என்பது நமது பக்கத்து வழக்கம். மூன்று பெண் பிள்ளைகள் இருக்கும் ஒரு தகப்பன், வெளிநாட்டில் உழைத்த காசைக் கொண்டுவந்து வயலில் பத்துப் பேர்ச் வாங்கி நிரப்புகிறார் என்றால் அவரைக் குற்றவாளியாகப் பார்க்க நம்மால் முடியாது. மலிவாகக் கிடைக்கும் ஒரே காணி அதுதான். ஆகவே தனி மனிதரைத் திட்டுவதில் பயனில்லை. ஊராக ஒரு முடிவு வேண்டும்.

இப்படியான முடிவை எடுக்கத் தவறிய நகரமும், எடுத்த நகரங்களும் நமது கண்முன்னே இருக்கின்றன.

சென்னையைப் பாருங்கள். நகரின் தெற்கே பள்ளிக்கரணை என்ற பெரிய சதுப்பு நிலம் இருந்தது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேயருக்கு மேல் பரந்திருந்த அது, கட்டடங்களும் வீதிகளும் குப்பை மேடும் வந்து இன்று சில நூறு ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. ஏரிகள் பலவும் அப்படித்தான் போயின. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே வருடத்தில், 2019 கோடையில், குடிநீர் தரும் பெரிய ஏரிகள் வற்றி மக்கள் தண்ணீர் லொறிக்குப் பின்னால் ஓடினார்கள். நீர் தங்கும் இடத்தை அழித்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் வெயில் காலத்தில் தாகமும் சேர்ந்தே வரும்.

நமது கொழும்பு 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் மூழ்கியது. பாராளுமன்றத்தைச் சுற்றியும் வெள்ளம் நின்றது. அதற்குப் பிறகு, 2012இல், உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு பெருநகர அபிவிருத்தித் திட்டம் ஒன்று தொடங்கியது. கால்வாய்களைத் திருத்தியதோடு, எஞ்சியிருந்த ஈரநிலங்களை நிரப்பாமல் காப்பதும் அதன் பகுதியாக இருந்தது. பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். 2018இல் உலகில் முதன்முதலாக "ராம்சார் ஈரநில நகரம்" என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கொழும்பில் வெள்ளம் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சதுப்பு நிலம் வெறும் காணி அல்ல, அது நகரத்தின் வடிகால் என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஏற்பு நமது கரையோரத்துக்கும் வர வேண்டும்.

சிங்கப்பூரில் காணிப் பஞ்சம் நம்மை விட மோசம். அங்கே பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீற்றர் நீளத்துக்கு நேர்கோடாகப் போன கொங்கிறீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீற்றர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் திறந்தார்கள். மழையில்லாத நாளில் பிள்ளைகள் கரையில் விளையாடுகிறார்கள். அடைமழையில் பூங்காவின் ஓரங்கள் நீரை வாங்கிக்கொள்கின்றன. நாமோ தோணாவுக்குக் கொங்கிறீட் சுவர் கட்டினால் அதுதான் அபிவிருத்தி என்று நினைக்கிறோம்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 2011 ஜூலை 2ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அதன் பிறகு அவர்கள் மேகவெடிப்பு மழைக்கென்றே ஒரு நகரத் திட்டம் போட்டார்கள். எல்லா நீரையும் குழாய்க்குள் அடக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, எந்த வீதியால் நீர் ஓட வேண்டும், எந்தச் சதுக்கத்தில் சில மணித்தியாலம் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்தார்கள். வெள்ளம் வீட்டுக்குள் நிற்பதை விடப் பூங்காவில் நிற்பது நல்லது என்பதுதான் அதன் சாரம்.

பணமிருந்தால் போதும் என்றும் இல்லை. நகரங்களைப் "பஞ்சு" போல நீர் உறிஞ்ச வைக்கும் திட்டத்துக்குச் சீனா பெருந்தொகை செலவழித்தது. அந்தத் திட்டத்தில் இருந்த செங்சோ நகரில் 2021 ஜூலை 20ஆம் திகதி ஒரு மணித்தியாலத்தில் 201.9 மில்லிமீற்றர் மழை பெய்தது. சுரங்க ரயிலுக்குள்ளேயே 14 பேர் உயிரிழந்தார்கள். பூங்காக்களும் நீர் புகும் நடைபாதைகளும் சாதாரண மழைக்கு உதவும். அசாதாரண மழைக்கு, நீர் போகும் பெரிய வழி திறந்திருக்க வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் பயணங்களை நிறுத்தும் ஒழுங்கும் இருக்க வேண்டும்.

வெள்ளத்தோடு கதை முடிவதில்லை, கிணறும் இருக்கிறது. நமது மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த நன்னீரை நிரப்புவது மழை மட்டும்தான். சுனாமியில் உவர்த்துப்போன நமது கிணறுகளை மெல்ல மெல்லக் கழுவித் தந்ததும் மழைதான். இப்போது முற்றம் முழுக்க கொங்கிறீட், இன்டர்லொக். மழை மண்ணைத் தொடாமலே வடிகானுக்குப் போகிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். ஐந்து பேர்ச் சதுரக் காணியின் ஒரு பக்கம் 37 அடிதான். அந்தத் தூரத்தைத் தனி வீட்டுக்காரர் எப்படிக் கொடுப்பார்? வீட்டுக்கு வீடு குழி தோண்டுவதை விட்டு, நாலைந்து வீடுகளுக்குச் சேர்த்து முறையான கழிவுத் தொகுதி அமைப்பதை ஊராகத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவைதான்.

முதலாவது, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நீர் வரைபடம். எந்த வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எந்த மதகால் கடக்கிறது, தோணாவின் எல்லை எது என்று நில அளவை செய்து கல் நட்டு, பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் ஒட்ட வேண்டும். வயோதிப விவசாயிகளிடமும் வட்டை விதானைமாரிடமும் கேட்டால் பாதி வரைபடம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது. புவியியல் படிக்கும் உயர்தர மாணவர்களைக் கொண்டு அதை வரையத் தொடங்கலாம்.

இரண்டாவது, அந்த வரைபடத்தில் நீருக்கென்று குறித்த இடத்தில் ஒரு டிப்பர் கிறவலும் விழக்கூடாது. வயல் நிலத்தை நிரப்ப அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. அரசியல்வாதியிடம் போய் "ஒரு சின்னக் காணிதானே" என்று சிபாரிசு கேட்பதை ஊர் நிறுத்தினால் போதும்.

மூன்றாவது, வீடு மேலே வளரட்டும். மகளுக்குத் தனி வளவு கொடுப்பதற்குப் பதிலாக உறுதியான அத்திவாரம் போட்டு மேல்மாடியைக் கொடுப்பதை ஒரு குறைவாகப் பேசாதிருப்போம். மாப்பிள்ளை வீட்டார் இதை மனதார ஏற்றால் பல ஏக்கர் வயல் தப்பும். இதை மிம்பரிலும் பேசலாம், கலியாணப் பேச்சிலும் பேசலாம்.

நான்காவது, பள்ளிவாசலும் பாடசாலையும் முன்மாதிரி காட்டட்டும். 1,000 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர். வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் என்று வைத்தால் 16 இலட்சம் லீற்றர். அதில் ஒரு பகுதியைத் தாங்கியில் சேர்க்கலாம், மீதியைக் கல்லும் மணலும் இட்ட குழி வழியாக நிலத்துக்குள் இறக்கலாம். வுழூச் செய்த நீரும் வடிகானுக்குப் போகாமல் மரங்களுக்குப் போகட்டும். கிணறு தோண்டிக் கொடுப்பதை ஸதகத்துல் ஜாரியாவாக நினைக்கும் சமூகம் நாம். இருக்கும் கிணறுகளுக்கு நன்னீர் ஊற வழி செய்வதும் அதே வகையான காரியம்தான்.

இவற்றில் எதுவும் ஒரே மாரியில் முடியாது. ஆனால் வரைபடம் வரைவதற்குக் கோடிக் கணக்கில் காசு வேண்டியதில்லை. அடுத்த மாரிக்கு முன் வரும் கோடையில், வயல் காய்ந்து கிடக்கும்போதே, பள்ளிவாசல் நிர்வாகங்களும் விவசாய அமைப்புகளும் பாடசாலைகளும் ஒன்றாக உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். அதை எடுத்துக்கொண்டு சபைக்குப் போவோம். வாக்குக் கேட்டு வருபவரிடமும் அதையே விரித்துக் காட்டுவோம். இன்ஷா அல்லாஹ், மத்ரஸாவிலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளை நனையாமல் வந்து சேர வேண்டும்.