சிக்னல் செத்தா என்ன வழி?

எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் கிணத்து மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் நிறுத்துவார். ஸ்டார்ட்டரோடு ஒரு சிம் கார்டு பெட்டி, அவ்வளவுதான். சிறுசேரி மாதிரி இடங்களிலுள்ள டேட்டா சென்டர்களிலும் இதே வித்தைதான். சர்வர் ஸ்தம்பித்தால், எங்கோ உட்கார்ந்துகொண்டே கரண்டைத் துண்டித்து மறுபடி கொடுக்கிறார்கள்.

'அப்போ டிப்ளமோகாரனுக்கு என்ன வேலை?' என்று நம் கேன்டீனில் பேச்சு. எனக்கு அப்படித் தோணலே. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் படுத்துவிட்டது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. தூரத்திலிருந்து சரிசெய்யும் வழியும் அதோடு போச்சு! கடைசியில் ஆட்கள் நேரில் போய்த்தான் எழுப்பினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி.

எங்க கிணத்திலும் ஒரு ராத்திரி சிக்னல் இல்லை, மோட்டார் நிக்கலே. தண்ணி வத்தி வெறுமனே ஓடினால் காயில் கருகும். ரீவைண்டிங் செலவுக்கு என் பீஸ் பணம்தான் இருந்தது. டார்ச்சோடு வரப்பில் ஓடி, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கினேன்.

ரிமோட் ஸ்விட்ச் கட்ட நம்ம லேப்பில் சொல்லித்தரட்டும். கூடவே, அந்த நெட்வொர்க்கை நம்பாத இன்னொரு தனி வழி வைக்கவும் சொல்லித்தரணும். அதுக்கு ஒரு பிராக்டிகல் வகுப்பாவது ஒதுக்கக் கூடாதா?